மோட்டார் வண்டி ஓட்டுவோரின் கண்பார்வை

விதை நெல் வாங்கும் விவசாயி ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி, பதரும் பிறரகமும் கலந்துள்ளனவா என்று பார்க்கிறார். உழவு மாடு வாங்குபவர் பல்லைப் பிடித்து வயதை அறிகிறார்; சுழி பார்க்கிறார்; சிறிது தூரம் நடக்கவிட்டு நடையையும் பார்க்கிறார். டிராக்டர் வாங்குபவர் குதிரைத்திறன் எவ்வளவு, டீசல் செலவு எவ்வளவு, டயர் எத்தகையது என்று பலமுறை விசாரிக்கிறார். ஆனால், பல லட்சம் ரூபாய் பெறுமானமுள்ள அந்த டிராக்டரின் சாவியை ஒருவர் கையில் கொடுக்கும்பொழுது, அவருடைய கண்கள் எவ்வாறு உள்ளன என்று விசாரிப்பவர் மிகச் சிலரே.

இந்தக் கவனக்குறைவு அற்பமானதன்று. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துகள் நேர்ந்தன. அவற்றில் 17,884 பேர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு இந்திய மாநிலங்களுள் தமிழ்நாடே முதலிடத்தில் இருந்தது. இவற்றிற்குக் காரணங்கள் பல. வேகமும், மதுவும், தூக்கமும், சாலையின் கோணலும் அவற்றுள் அடங்கும். ஆயினும், எதிரே இருப்பதை உரிய தூரத்தில் காணாதவர் எவ்வளவு நிதானமுள்ளவராயினும் உரிய காலத்தில் வண்டியை நிறுத்த இயலாது என்பது வெளிப்படை. கரும்பும் நெல்லும் ஏற்றிய வண்டிகள் அந்தியிலும் இரவிலும் கிராமச் சாலைகளிலும் நெடுஞ்சாலைகளிலும் செல்லும் நாட்டில் இவ்விஷயம் விவசாயிகள் யாவரும் அறியத்தக்கதாகும்.

சட்டம் கேட்பது யாது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், அதன் கீழ் ஏற்பட்ட 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் 1989 ஜூலை 1-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்தன. லைசென்ஸ் கேட்பவர் தம் உடல்நிலை பற்றிப் படிவம் 1-இல் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். நல்ல பகல் வெளிச்சத்தில், கண்ணாடி அணிபவராயின் அதை அணிந்துகொண்டு, 25 மீட்டர் தூரத்திலுள்ள மோட்டார் காரின் எண்பலகையைப் படிக்க இயலுமா என்பது அதிலுள்ள முக்கியமான கேள்வி. மாலைக்கண் உண்டா என்றும் அப்படிவம் வினவுகிறது. நிறங்களைப் பொறுத்தமட்டில், 2020-ஆம் ஆண்டில் விதி திருத்தப்பட்டு, நிறக்குருடு கடுமையாக இல்லாதவர்களும் லைசென்ஸ் பெற இடமளிக்கப்பட்டது.

40 வயதைக் கடந்தவர்களும், வாடகைக்கு ஆளும் சரக்கும் ஏற்றும் வாகனங்களை ஓட்டுபவர்களும், தம் உறுதிமொழியோடு நில்லாமல், பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதித்துக் கையொப்பமிட்ட படிவம் 1-ஏ சான்றும் தர வேண்டும்.

இங்கே கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 30 வயது நிரம்பாதவர் பெறும் சாதாரண லைசென்ஸ் 40 வயது வரை செல்லும். 30 வயதுக்கு மேல் 50 வயதுக்குள் பெறுவது 10 ஆண்டுகளுக்கும், 50 முதல் 55 வயதுக்குள் பெறுவது 60 வயது வரையிலும், அதன் பின்னர் பெறுவது ஒவ்வொரு முறையும் 5 ஆண்டுகளுக்கும் செல்லும். ஆகவே, 20-ஆம் வயதில் லைசென்ஸ் பெற்ற ஒருவரின் கண்களைச் சட்டத்தின் பொருட்டு அடுத்த 20 ஆண்டுகள் வரை எவரும் கேட்பதில்லை. லைசென்ஸில் எழுதியுள்ள தேதி மாறுவதில்லை. அதைப் பெற்றவரின் கண்ணோ ஆண்டுதோறும் மாறுகிறது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள காலத்தைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு ஓட்டுபவருக்கும், அவரிடம் வண்டியை ஒப்படைக்கும் சொந்தக்காரருக்குமே உரியது.

25 மீட்டர் என்பதன் பொருள்

எண்பலகையைப் படிக்கும் சோதனை எளிதாகத் தோன்றினும் ஆதாரமுள்ளது. கண் மருத்துவர்கள் சுவரில் மாட்டிப் படிக்கச் சொல்லும் எழுத்து அட்டையை 1862-இல் ஹாலந்து நாட்டு மருத்துவர் ஸ்நெல்லன் என்பவர் வகுத்தார். அதன்படி குறையற்ற பார்வை 6/6 எனப்படும். நல்ல கண் 12 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க இயலும் என்றால், அப்பார்வை 6/12 ஆகும்.

மோட்டார் காரின் எண்பலகையில் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. கணக்கிட்டுப் பார்த்தால், 6/6 பார்வையுள்ளவர் அதனை ஏறக்குறைய 45 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கலாம். 6/12 பார்வையுள்ளவர் சுமார் 22 மீட்டருக்கும், 6/18 பார்வையுள்ளவர் சுமார் 15 மீட்டருக்கும் நெருங்கி வந்தாலன்றிப் படிக்க இயலாது. ஆதலின், 25 மீட்டரில் படிப்பவரின் பார்வை 6/12-க்குச் சற்று மேம்பட்டது என்று கொள்ளலாம். இது சிறந்த பார்வை அன்று. இதற்குக் கீழே போகலாகாது என்னும் எல்லையே ஆகும். இதனையும் எட்டாதவர் சாலையில் வண்டி ஓட்டுவது தமக்கும் பிறருக்கும் கேடு.

வேகமும் நிறுத்தும் தூரமும்

ஆபத்தைக் கண்ட கணத்திலேயே வண்டி நின்றுவிடுவதில்லை. கண் காண வேண்டும். மனம் உணர வேண்டும். கால் பிரேக்கை மிதிக்க வேண்டும். இதற்கே ஒன்றரை விநாடி கழிந்துவிடும். அதற்குள் வண்டி முன்போலவே ஓடிக்கொண்டிருக்கும். பின்னரே பிரேக் வேலை செய்யத் தொடங்கும். உலர்ந்த தார்ச்சாலையில், நல்ல நிலையிலுள்ள காருக்குக் கணக்கிட்டால் நிறுத்தும் தூரம் ஏறத்தாழப் பின்வருமாறு ஆகும்:

மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 11 மீட்டர்.
மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 27 மீட்டர்.
மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 48 மீட்டர்.
மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 74 மீட்டர்.

வேகம் இரட்டித்தால் தூரம் இரட்டிப்பதோடு நில்லாமல், அதற்கும் மிகுதியாகப் பெருகுவதை இதிற் காணலாம். மழையில் நனைந்த சாலையிலும், சேறு படிந்த சாலையிலும், தேய்ந்த டயரிலும் இத்தூரம் இன்னும் நீளும். தனியே பிரேக் இல்லாத டிரெய்லரில் நெல் மூட்டையோ கரும்போ நிறைய ஏற்றியிருந்தால், பின்னாலுள்ள பாரம் டிராக்டரைத் தள்ளிக்கொண்டு வரும். ஆகவே டிராக்டர் மெதுவாகத்தானே செல்கிறது என்று அதனை ஓட்டுபவரின் கண்ணைப் பற்றி அலட்சியமாக இருத்தல் தவறு.

அந்தியும் இரவும்

சட்டம் கேட்பது பகல் வெளிச்சத்துப் பார்வையை. ஆனால் கிராமத்து வண்டிகளுக்குப் பெரும் ஆபத்து விளைவது சூரியன் மறையும் வேளையிலும் அதன் பின்னருமே. அந்தி நேரத்தில் வானம் வெளுத்திருக்கும், சாலையோ இருண்டிருக்கும். கருமையான மாடும், பழுப்பேறிய வைக்கோல் பாரமும், விளக்கில்லாத மிதிவண்டியும் சாலையின் நிறத்தோடு கலந்துவிடும்.

வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வந்த கண் இருளுக்கு முழுவதும் பழகச் சுமார் அரைமணி நேரம் ஆகிறது. எதிரே வரும் லாரியின் விளக்கு ஒரு கணம் கண்ணிற் பட்டால் அப்பழக்கம் குலைந்துவிடும்; அடுத்த சில விநாடிகள் ஓட்டுபவர் ஏறக்குறையக் கண்ணை மூடிக்கொண்டவராகவே செல்கிறார். வயது ஏற ஏறக் கண்மணியின் துளை இருளில் விரியும் தன்மை குறைகிறது. உள்ளிருக்கும் வில்லையும் மங்குகிறது. மங்கிய ஒளியில் 20 வயதுக்காரரின் கண்ணுக்குள் செல்லும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே 60 வயதுக்காரரின் கண்ணுக்குள் செல்லும்.

தாழ்த்தி வைத்த முகப்பு விளக்கின் ஒளியில், கருநிறப் பொருள் சாதாரணமாக 50 மீட்டருக்குள் வந்த பின்னரே புலப்படும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்தும் தூரம் 48 மீட்டர் என்று மேலே கண்டோம். அதற்கு மேற்பட்ட வேகத்தில் இரவில் செல்பவர், தாம் காணும் தூரத்திற்குள் நிறுத்த இயலாதவராகவே செல்கிறார். பார்வை குறைந்தவர்க்கு இவ்வரம்பு இன்னும் கீழே இறங்கும். இரவில் கறுப்புக் கண்ணாடி அணிந்து ஓட்டுவது, உள்ள வெளிச்சத்தையும் வேண்டுமென்றே குறைத்துக்கொள்வதாகும்.

வயதினாலும் நோயினாலும் வரும் குறைகள்

40 வயதுக்கு மேல் கிட்டப்பார்வைப் பணி யாவர்க்கும் கடினமாகும். இதற்கெனப் படிப்பதற்கு வாங்கிய கண்ணாடியை அணிந்துகொண்டு வண்டி ஓட்டலாகாது. தூரத்துப் பொருள் அதில் மங்கலாகவே தெரியும். தூரத்திற்குக் கண்ணாடி தேவைப்படுபவர் அதனை மேசை மேல் வைத்துவிட்டு வண்டியில் ஏறுவதும் அத்தகைய தவறே.

கண்புரை வலியின்றி மெல்ல மெல்ல வளர்வது. முதலில் இரவில் எதிர்விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும், கூச்சம் அதிகமாகும், பின்னர்ப் பகலிலும் புகை படிந்தாற்போல இருக்கும். இது அறுவை சிகிச்சையால் நீங்கத்தக்கது. கண்ணழுத்த நோயோ இதனினும் வஞ்சகமானது. நடுப்பார்வையை விட்டுவைத்து ஓரப்பார்வையை அரித்துவிடும். இந்நோயுள்ளவர் 25 மீட்டரில் எண்பலகையைச் சரியாகப் படித்துவிடுவார். வரப்பிலிருந்து சாலைக்கு ஓடிவரும் குழந்தையைக் காணமாட்டார். இழந்த ஓரப்பார்வை திரும்புவதில்லை; மேலும் இழவாமல் தடுக்கவே மருந்து உதவும். நீரிழிவு உள்ளவர்களுக்கு விழித்திரை கெடுவதுண்டாகையால், அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கண் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுதல் அவசியம்.

வைட்டமின் ஏ சத்துக் குறைவினால் மாலைக்கண் உண்டாகிறது. முருங்கை, அகத்தி, பொன்னாங்கண்ணி முதலிய கீரைகளும், மஞ்சள் பூசணி, பப்பாளி, மாம்பழம், பால், முட்டை ஆகியவையும் இச்சத்தைத் தரும். கிணற்றடியில் ஒரு முருங்கையும் கொடிக்கால் ஓரத்தில் அகத்தியும் உள்ள வீட்டார் இதனை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆயினும் பரம்பரையாக வரும் மாலைக்கண் உணவினால் தீராது. அத்தகையவர் இரவில் வண்டி ஓட்டலாகாது.

வயல் வேலையால் நேரும் தீங்கு

அறுவடையிலும் போரடியிலும் நெல்லின் கூரிய முனையோ உமியோ கண்ணிற் படுவதும், கரும்புத் தோகை கண்ணைக் கீறுவதும் அடிக்கடி நேர்கின்றன. கருவிழியில் ஏற்படும் சிறு கீறலில் பூசணம் பற்றிப் புண்ணாகிவிடும். ஆறிய பின்னும் வெண்மையான தழும்பு நின்று பார்வையை மறைக்கும். தாய்ப்பால் விடுதல், இலைச்சாறு பிழிதல், நாவினால் துழாவி எடுத்தல், கடையில் கிடைத்த சொட்டுமருந்தைத் தாமே விடுதல் ஆகியவை புண்ணைப் பெருக்குமேயன்றி ஆற்றமாட்டா. சுத்தமான நீரால் கழுவி, அன்றைய தினமே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கதிரடிக்கும் இயந்திரத்தின் அருகே நிற்பவர்களுக்கும் கரும்பு வெட்டுவோருக்கும் சாதாரணக் காப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுப்பது சிறு செலவு. இன்று களத்தில் நிற்பவரே நாளை டிராக்டரில் ஏறுபவர் என்பதை மறத்தலாகாது.

களத்திலேயே செய்யத்தக்க சோதனை

மருத்துவரின் பரிசோதனைக்கு ஈடாகாதெனினும், யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு.

1. ஒரு காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, எண்பலகையைத் துடைத்து வைக்கவும். மோட்டார் சைக்கிளின் எண்பலகையில் எழுத்து சிறிதாகையால் அதனைப் பயன்படுத்தலாகாது.

2. பலகையிலிருந்து 25 மீட்டர், அதாவது 82 அடி, கயிற்றால் அளந்து கோடு கிழிக்கவும். அடியெடுத்து அளந்தால் பிழைபடும்.

3. வெயில் கண்ணில் படாதவாறு நிற்கச் செய்து, முதலில் வலக்கண்ணையும் பின்னர் இடக்கண்ணையும் உள்ளங்கையால் மூடி, மற்றதால் படிக்கச் சொல்லவும். விழியை அழுத்தலாகாது. நாள்தோறும் பார்த்து மனப்பாடமான எண்ணாயின் சோதனை பயனற்றது. வேற்று வண்டியைக் கொணர வேண்டும்.

4. ஓரப்பார்வை அறிய, அவரை நேரே பார்க்கச் சொல்லி, இரு பக்கங்களிலும் காதுக்கு நேராகக் கையை நீட்டி விரலை அசைத்து, மெதுவாக முன்னே கொண்டுவரவும். ஒரு பக்கத்தில் மிகத் தாமதமாகத் தெரிந்தால் சந்தேகத்திற்கு இடமுண்டு.

5. அதே கோட்டில் அந்தி வேளையிலும் நிற்கச் செய்து பார்க்கவும். மற்றவர்கள் காணும் பொருளைத் தாம் மட்டும் காணாதவர் இரவில் ஓட்டத்தக்கவரல்லர்.

ஆண்டுக்கு ஒருமுறை, அறுவடை தொடங்குமுன் இதனைச் செய்தல் நன்று. ஏதேனும் ஒன்றில் தவறியவரைக் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சென்னை எழும்பூரிலுள்ள அரசு கண் மருத்துவமனை 1819-இல் தோன்றியது. உலகிலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. விவசாயக் குடும்பத்திற் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று பல ஊர்களில் கிளைத்துள்ளது. அரசு மருத்துவமனைகளில் கண்புரை சிகிச்சை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. ஆதலின் பணமில்லை என்பது பார்வையின்றி ஓட்டுவதற்குக் காரணமாகாது.

சொந்தக்காரரின் பொறுப்பு

லைசென்ஸ் இல்லாதவரை ஓட்டவிடும் சொந்தக்காரரையும் சட்டம் தண்டிக்கிறது. வண்டி ஓட்டுவதைப் பிறர்க்கு ஆபத்தாக்கும் நோயோ குறையோ தமக்கு உண்டென்று அறிந்தே ஓட்டுபவர் சட்டத்தின் 186-ஆம் பிரிவின்படி குற்றவாளியாவார். ஆயினும் தண்டனையைக் காட்டிலும் கருதத்தக்கது வேறொன்று. பல ஆண்டுகள் ஒரே பண்ணையில் வண்டி ஓட்டிய ஒருவர், தம் பார்வை மங்குவதை எவரினும் முன்னதாக அறிவார். ஆனால், வெளியே சொன்னால் வேலை போய்விடுமே என்று அஞ்சி மறைக்கிறார். தெரிந்த சாலைதானே என்று பழக்கத்தை நம்பி ஓட்டுகிறார். சாலை பழையதாக இருக்கலாம். அதில் எதிர்ப்படும் ஆளும் மாடும் ஒவ்வொரு நாளும் புதியவை.

இவ்வச்சத்தை நீக்க வேண்டியவர் சொந்தக்காரரே. கண்ணாடிக்கான செலவைத் தாமே ஏற்பதும், சிகிச்சை நாட்களில் கூலியை நிறுத்தாதிருப்பதும், இரவில் ஓட்டத்தகாதவருக்குப் பகல் வேலையோ களத்து வேலையோ தருவதும் அவருக்குப் பெரிய நஷ்டமாகா. சோதனையின் நோக்கம் ஆளை விலக்குவதன்று; ஆளையும் வண்டியையும் எதிரில் வருபவரையும் காப்பதேயாகும். சோதனைக்கு முதலில் நிற்க வேண்டியவரும் சொந்தக்காரரே. மிராசுதாரின் கண்ணுக்கும் வயதாகிறது.

பிறர் கண்ணுக்குப் புலப்படுதல்

நம் கண்ணைச் சோதிக்கலாம். பின்னால் வரும் பஸ்ஸை ஓட்டுபவரின் கண்ணை நாம் சோதிக்க இயலாது. ஆதலின், மங்கிய கண்ணுக்கும் தெரியும்படி நம் வண்டியை அமைத்துக்கொள்ள வேண்டும். ஒளியைத் திருப்பியனுப்பும் நாடாவை டிரெய்லரின் பின்புறம் சிவப்பாகவும், பக்கங்களில் மஞ்சளாகவும், முன்புறம் வெண்மையாகவும் ஒட்டுதல் வேண்டும். சேறு படிந்த நாடா இல்லாததற்குச் சமம். கிளம்புமுன் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கரும்புத் தோகை பின்விளக்கை மறைத்துத் தொங்கலாகாது. மாட்டு வண்டியின் பின்சட்டத்திலும் நாடா ஒட்டலாம்.

பழுதான டிரெய்லரை இரவில் சாலையிலேயே விட்டுச் செல்வது பெரும் பாதகம். இயன்றவரை ஓரத்திற்கு இழுத்து, பின்னால் வெகு தூரத்திலிருந்தே தெரியும்படி அடையாளம் வைத்து, ஓர் ஆளையும் நிறுத்த வேண்டும். சக்கரத்திற்கு அண்டைகொடுத்த கல்லை எடுக்காமல் செல்வதும், சாலையில் தானியம் காயவைத்து ஓரத்தில் அடுக்கிய கற்களை இரவில் விட்டுவிடுவதும் அத்தகையனவே. தானியத்திற்கு உரிய இடம் உலர்களமே, சாலையன்று.

கிராமாதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

சாலை வளைவுகளில் சீமைக்கருவேல் மண்டி எதிர்ப்புறத்தை மறைத்தால், எத்தகைய கூரிய கண்ணும் பயன்படாது. அவற்றை வெட்டச் செய்தல், பாலச் சுவர்களுக்கும் சாலையோர மரங்களுக்கும் வெள்ளை பூசச் செய்தல், உலர்களம் இல்லாத ஊருக்கு அதனைக் கோரி எழுதுதல், அறுவடைக்கு முன் கண் பரிசோதனை முகாம் நடைபெற மருத்துவ இலாகாவை வேண்டுதல் ஆகியவை கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் செய்யத்தக்கவை. முகாமுக்கு ஊரிலுள்ள டிராக்டர், வேன், அறுவடை இயந்திரம் ஓட்டுவோரின் ஜாபிதாவைத் தயாரித்து, ஒருவர் விடாமல் வரச் செய்தால் பயன் மிகும்.

சுருக்கமாகக் கூறின், லைசென்ஸ் ஒருநாள் கண்டதைச் சொல்லும். இன்று காண்பதைக் கண்ணே சொல்ல வேண்டும். 82 அடி கயிறும், துடைத்த எண்பலகையும், கால்மணி நேரமும் எந்தப் பண்ணையிலும் கிடைப்பன. இவ்வறுவடைக்கு முதல் வண்டி பாரமேறிச் சாலைக்கு வருமுன், அதனை ஓட்டுபவர் அக்கோட்டில் ஒருமுறை நிற்கட்டும்.